பாதிக் கூடு

தூக்கணாங்குருவிகள் குடியேறிய எந்த மரத்தடியிலும், அது கிணற்றுமேட்டுக் கருவேலமோ வரப்போரப் பனையோ, கொஞ்ச நேரம் நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு வகைக் கூடுகள் தெரியும். ஒன்று எல்லோருக்கும் பழக்கமானது: மேலே கிளையைச் சுற்றிய காம்பு, நடுவில் புடைத்த முட்டையறை, கீழே நீண்டு தொங்கும் வாசல்குழல். பாடப்புத்தகத்திலும் நாட்காட்டியிலும் இடம்பிடிப்பது இதுதான். மற்றது அரைகுறை. குழல் கிடையாது, அடிப்பக்கம் திறந்தே இருக்கும், திறப்பின் குறுக்கே ஒரு நார்ப்பட்டை மட்டும் ஓடும். பறவை ஆய்வாளர்கள் இதைத் தலைக்கவச நிலை என்பார்கள். முழுக்கூட்டைப் பார்த்து வாய்பிளக்கிறவர்கள் இந்தப் பாதிக் கூட்டைப் பொருட்படுத்துவதில்லை. கற்றுக்குட்டி கட்டியது, காற்றில் பிய்ந்தது, பாதியில் கைவிட்டது என்று ஏதோ ஒன்றைச் சொல்லி நகர்ந்துவிடுவோம். என் கருத்து வேறு. இந்தப் பறவையின் தொழிலைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை பெரும்பாலும் அந்தப் பாதிக் கூட்டில்தான் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு முழுக்கூட்டை மட்டும் பார்ப்பதால்தான் 'இயற்கையின் அற்புதம்' என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு நின்றுபோகிறது.

பாதிக் கூடுகளுக்கு முன்பு ஒரு விளக்கம் இருந்தது. பெட்டை உள்ளே அடைகாக்கும்போது சேவல் உட்கார்ந்து ஆடவும் மழைக்கு ஒதுங்கவும் தனக்கென்று கட்டிக்கொள்ளும் ஊஞ்சல்தான் அது என்றார்கள். ஒரு சேவல், ஒரு பெட்டை, ஒரு வீடு என்று முன்கூட்டியே எண்ணிக்கொண்டால் மிச்சமிருக்கும் கூடுகளுக்கு இப்படித்தான் ஏதாவது வேலை கற்பிக்க வேண்டிவரும். இந்த எண்ணத்தை உடைத்தவர் பறவையியலாளர் சாலிம் அலி. 1930இல் அவர் பெர்லினில் படிப்பை முடித்துத் திரும்பியபோது, பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்த்துவந்த வேலை நிதி இல்லை என்று நீக்கப்பட்டிருந்தது. வேலையில்லாமல் அலிபாக் அருகே கிஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் குடும்ப வீட்டில் தங்கியிருந்தார். பக்கத்திலேயே தூக்கணாங்குருவிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியாகக் குறிப்பெழுதினார். கட்டுரை 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தது. இந்தியப் பறவையியலில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வேலைகளில் இது முக்கியமானது. சம்பளம் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

அவர் கண்டது இதுதான். கூடு கட்டுவது சேவல் மட்டுமே. பல சேவல்கள் ஒரே மரத்தில் அவரவர் கூட்டைப் பாதிவரை கொண்டுவந்துவிட்டு, அதில் தொங்கியபடி சிறகடித்துக் கூவுகின்றன. அப்போது பெட்டைகள் கூட்டமாக வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பாதிக் கூட்டுக்குள் நுழைகிறது, சுற்றிப் பார்க்கிறது, அலகால் இழுத்துப் பார்க்கிறது. பிடித்தால் தங்குகிறது; பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போகிறது. பெட்டை தங்கிய பிறகுதான் சேவல் முட்டையறையை மூடி வாசல்குழலை இறக்குகிறது. வெளியே குழல் நீண்டுகொண்டிருக்கும்போதே உள்ளே பெட்டை முட்டையிட்டுவிடுவதும் உண்டு. அடைகாப்பது பெட்டையின் பொறுப்பு. குழல் வேலை முடிந்ததும் சேவல் வேறொரு கிளையில் அடுத்த பாதிக் கூட்டைத் தொடங்கி வேறு பெட்டையை அழைக்கிறது. ஒரே பருவத்தில் இரண்டு மூன்று பெட்டைகள்கூட ஒரு சேவலின் கூடுகளுக்கு வரலாம். ஆக, பருவம் முடிந்தபின் மரத்தில் தொங்கும் பாதிக் கூடு ஊஞ்சல் அல்ல. எந்தப் பெட்டையும் ஏற்காத கூடு.

கணக்குப் பார்த்தால் சேவல் பாதியில் நிறுத்துவதன் நியாயம் புரியும். முழுக்கூடு கட்ட ஏறத்தாழ 18 நாள் ஆகிறது. தலைக்கவச நிலைக்கு வர 8 நாள் போதும். ஒரு கூட்டுக்கு 500 தடவை வரை நார் கொண்டுவர வேண்டியிருக்கும். மழையை நம்பிய குறுகிய பருவத்தில், யாரும் வராமலே போகக்கூடிய கூட்டுக்கு 18 நாளையும் செலவழிப்பவன் நஷ்டப்படுவான். 8 நாளில் நிறுத்தி, பார்க்க வருபவளுக்குப் போதுமான அளவு மட்டும் காட்டி, சம்மதம் கிடைத்தபின் மீதியை முடிப்பவன் பிழைப்பான். பாதிக் கூட்டைத் தோல்வியின் எச்சம் என்று பார்ப்பதைவிடச் சிக்கனத்தின் அடையாளம் என்று பார்ப்பது சரி. அதன் வடிவமும் இதற்கேற்பவே இருக்கிறது: முட்டையறை எங்கே வரும், வாசல் எங்கே வரும் என்பதைக் குறுக்கே ஓடும் அந்தப் பட்டையே பிரித்துக் காட்டிவிடுகிறது. வீட்டைச் சுற்றிப் பார்க்க அது போதும்.

தொழிலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சேவல் ஓர் உயரமான புல்லிலோ கரும்புத் தோகையிலோ நெல் தாளிலோ தென்னங்கீற்றிலோ வந்து உட்காருகிறது. இலையின் அடிப்பக்க ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போடுகிறது. வெட்டிய நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கிறது. பறக்கும் வேகத்திலேயே இலை நீளவாட்டில் கிழிந்து, 20 முதல் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய நாராகக் கையோடு, இல்லை, அலகோடு வந்துவிடுகிறது. நார் பச்சையாக இருக்க வேண்டும்; காய்ந்தது மடங்காது, ஒடியும். பச்சை நார் வளைந்து கொடுத்துப் பின்னலுக்குள் புகுந்து, அங்கேயே காய்ந்து விறைத்துக்கொள்கிறது. கிளையில் ஒரு முனையைக் காலால் மிதித்துப் பிடித்து, மறுமுனையைச் சுற்றி, சுற்றியதன் அடியில் நுழைத்து இழுத்துச் சுருக்குப் போடுகிறது. காம்பு உறுதியானதும் அதன் அடியில் ஒரு வளையம். அந்த வளையத்தில் உட்கார்ந்தபடிதான் மேற்கொண்டு பின்னுகிறது. அலகு எட்டும் தூரம்வரை முன்பக்கம் வளர்த்தால் முட்டையறை. பின்பக்கம் வளர்த்தால் முன்னறையும் வாசலும். அளவுகோல் தனியாக எதுவும் இல்லை. பறவையின் உடம்பே அளவு. ஊரெங்கும் இந்தக் கூடுகள் ஏறத்தாழ ஒரே பருமனில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

தலைக்கவச நிலையில்தான் சேவல் உட்சுவரில் ஈரமண் உருண்டைகளை அப்புகிறது. இரவில் வெளிச்சத்துக்காக மின்மினிப் பூச்சியை அந்த மண்ணில் ஒட்டிவைக்கும் என்று நாட்டில் வெகுகாலமாகச் சொல்கிறார்கள். அழகான கதைதான். ஆனால் மண் அப்பும்போது முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை, பெட்டைகூட வந்து சேரவில்லை. கூட்டுக்கு அடித்தளமே போடப்படவில்லை. விளக்கு யாருக்கு? பறவையின் வீட்டை மனிதரின் வீடாகவே பார்க்கும் பழக்கம்தான் மின்மினியையும் ஊஞ்சலையும் ஒருசேரப் பெற்றெடுத்தது.

இனி மறுப்புகளுக்கு வரலாம். முதல் மறுப்பு நம் மரபிலேயே இருக்கிறது. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று குருவிக் கூட்டைக் கரையான் புற்று, தேன்கூடு, சிலந்தி வலை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று எளிது என்று முடிக்கிறது. தன் திறமையைப் பெரிதாக எண்ணுகிறவனின் தலைக்கனத்தைக் குறைக்க எழுந்த பாட்டு; அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் இயற்கையைப் பற்றிய கூற்றாக எடுத்துக்கொண்டால் அந்த வரிசையில் குருவி சேராது. சிலந்திக்குஞ்சு யாரிடமும் கற்காமல், பயிற்சி இல்லாமல், முதல் வலையையே இரை சிக்கும் அளவுக்குப் பின்னிவிடுகிறது. குருவிக்கு அப்படி எளிதில் கைவருவதில்லை. அமெரிக்கப் பறவையியலாளர்களான நிக்கோலஸ் கோலியாஸும் அவருடைய மனைவி எல்சியும் 1960களில் இதைச் சோதித்தார்கள். தூக்கணாங்குருவிக்கு நெருங்கிய ஆப்பிரிக்க உறவான 'கிராமத்து நெசவுப்பறவை'யின் சேவல் குஞ்சுகளில் சிலவற்றை, நாரோ புல்லோ கிடைக்காதபடி வளர்த்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு நார் கொடுத்தபோது அவை பின்னத் திணறின. அதே வயதில், சிறுவயது முதலே புல்லைக் கவ்வியும் கிழித்தும் விளையாடி வளர்ந்த சேவல்கள் அவற்றைவிட வெகுவாக முந்தியிருந்தன. இளஞ்சேவல்களின் முதல் கூடுகள் ஒழுங்கில்லாமல் தளர்ந்து கிடப்பதும் அவர்கள் எழுதிவைத்ததுதான்.

இதற்கு எதிராகத் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் யூஜீன் மாரே சொன்ன கதையைக் காட்டுபவர்கள் உண்டு. நெசவுப்பறவைகளைப் பல தலைமுறை கேனரிப் பறவைகளிடம் வளர்த்து, கூட்டையே பார்க்கவிடாமல் செய்தும், கடைசித் தலைமுறை பிசகில்லாமல் கூடு கட்டியது என்பது அது. கதை பரபரப்பானது, ஆனால் எத்தனை பறவை, எத்தனை கூடு, எந்தக் கூடு எப்படி இருந்தது என்று பிறர் சரிபார்க்கும் விதத்தில் அவர் எதையும் முன்வைக்கவில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் என் வாதம் குலையாது. கோலியாஸ் தம்பதியின் பறவைகளும் கூடு கட்ட வேண்டும் என்ற உந்துதலை இழக்கவில்லை. நாரைக் கண்டதும் கவ்வின. எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்திருந்தது. உந்துதலும் உருவமும் பிறப்பிலேயே வரலாம். கைத்திறன் பழகித்தான் வர வேண்டும். போட்ஸ்வானாவில் தெற்கத்திய முகமூடி நெசவுப்பறவைகள் கட்டுவதைப் படம்பிடித்து ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. ஒரே சேவல் ஒரு கூட்டை இடமிருந்து வலமாகத் தொடங்கி அடுத்ததை வலமிருந்து இடமாகத் தொடங்குகிறது. கட்டக்கட்ட, கீழே நழுவவிடும் புற்களின் எண்ணிக்கை குறைகிறது. மாறாத ஒரே வரிசையில் ஓடும் எந்திரம் இப்படி நடந்துகொள்ளாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. எளிதில் தள்ளிவிட முடியாதது. பறவை ஆய்வாளர் சுஹேல் குவாதர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பெட்டைத் தூக்கணாங்குருவிகள் கூட்டின் கட்டுமானத்தைவிட அது இருக்கும் இடத்தைத்தான் அதிகம் கணக்கில் எடுக்கின்றன என்று காட்டினார். மரத்தில் உயரமாக இருப்பவை, மெல்லிய கிளையில் தொங்குபவை, காய்ந்த நிலத்துக்கு மேலே இருப்பவை ஆகியவற்றுக்கே வரவேற்பு. கிணற்றுத் தண்ணீருக்கு மேலே தொங்குவதே உத்தமமான கூடு என்று நாம் நினைத்திருந்ததற்கு இது சரியான குட்டு. அப்படியானால் இவ்வளவு நெசவும் வீணா? பெட்டை பார்க்காத ஒன்றுக்குச் சேவல் ஏன் உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டும்? பெண்ணின் ரசனைதான் ஆணின் கலையை வளர்த்தது என்று எளிதாகச் சொல்லிவிட நினைத்தவர்களை இந்த ஆய்வு நிறுத்திவைக்கிறது. நானும் அந்த வாக்கியத்தை எழுத விரும்பியிருப்பேன். தரவு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஆனால் இடமும் நெசவும் இரண்டு தனித்தனிப் பண்புகள் என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது. மெல்லிய கிளை நல்ல இடமாவது ஏன்? காகமும் பாம்பும் அங்கே எளிதில் வந்து சேர முடியாது என்பதால். அதே கிளையில் காகத்தால் கூடு கட்டவும் முடியாது. சுள்ளிகளை அடுக்கி உட்காரவைக்கும் கூட்டுக்குத் தாங்க ஒரு கவை வேண்டும். நுனிக்கிளையில் எதையும் உட்காரவைக்க முடியாது. கட்டித் தொங்கவிடத்தான் முடியும். முடிச்சுப் போடத் தெரிந்தவனுக்கு மட்டுமே அந்த இடம் இடமாகிறது. பனையோலை நுனியும் அப்படித்தான். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டை, தன் கண்ணில் படாத நெசவையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறாள். காம்பு தளர்ந்திருந்தால் தென்மேற்குப் பருவக்காற்று ஒரே நாளில் அதைக் கீழே போட்டுவிடும்; அப்படி விழுந்த கூட்டை எந்தப் பெட்டையும் வந்து பார்க்கப் போவதில்லை. அவள் வருவதற்கு முன்பே காற்று முதல் சல்லடையைச் சலித்து முடித்திருக்கிறது. கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கமாகத் தொங்குவது இந்தக் காற்றைப் பார்த்துத்தான் என்பார்கள். திறமை என்பது இங்கே அழகு காட்டும் காரியமாக இல்லை. மற்ற பறவைகளுக்குக் கிடைக்காத இடத்தை எட்டிப் பிடிக்கும் வழியாக இருக்கிறது. எனக்கு இது ரசனைக் கதையைவிட உயர்ந்ததாகவே படுகிறது.

மூன்றாவது மறுப்பு: தேர்வு, சம்மதம், சிக்கனம் என்று பறவைக்கு மனிதச் சொற்களை ஏற்றுகிறேன் என்பது. ஏற்றுகிறேன்தான். ஆனால் ஏற்றப்படும் சொற்களுக்குள் வேறுபாடு உண்டு. விவேக சிந்தாமணியில், மழையில் நனையும் குரங்குக்குத் தூக்கணாங்குருவி புத்தி சொல்லி, கோபங்கொண்ட குரங்கு அதன் கூட்டையே பிய்த்தெறிகிறது. அங்கே குருவி முன்யோசனையுள்ள குடும்பஸ்தன். அந்தக் குடும்பஸ்தன் பெட்டையை அடையில் விட்டுவிட்டு அடுத்த கூட்டுக்கு ஆள் தேடுவது தெரிந்திருந்தால் கவிஞர் வேறு பறவையைப் பிடித்திருப்பார். குடும்பப் பொறுப்பு என்ற சொல்லைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. தேர்வு என்ற சொல்லைச் சோதிக்கலாம்: எத்தனை கூட்டுக்குள் நுழைந்தாள், எதில் தங்கினாள், தங்கியதற்கும் மறுத்ததற்கும் என்ன வேறுபாடு என்று எண்ணலாம், அளக்கலாம், தவறென்று காட்டலாம். மனிதச் சொல் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. சோதனைக்கு நிற்காத மனிதச் சொல்லைத்தான் ஒதுக்க வேண்டும்.

வீடு என்ற சொல்கூட இந்தச் சோதனைக்கு நிற்பதில்லை. கலகாரிப் பாலைவனத்தில் 'கூட்டுக்குடி நெசவுப்பறவை' என்றொரு இனம் இருக்கிறது. காய்ந்த புல்தண்டுகளைச் செருகிச் செருகி ஒரு மரத்தையே மூடுமளவுக்குப் பொதுக்கூரை ஒன்றை எழுப்புகிறது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கலாம். பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் ஆண்டு முழுக்க அதில்தான் வாசம். தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்துப் பயன்படுத்துகின்றன. அதை வீடு என்று சொல்லலாம். அங்கே பின்னல் கிடையாது, பச்சை நாரும் கிடையாது. நம் தூக்கணாங்குருவி கூட்டில் குடியிருப்பதில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கூட்டத்தோடு நாணல் புதரிலும் கரும்புக் கொல்லையிலும் அடையப் போய்விடுகிறது. ஆய்வாளர் ஜான் குரூக் 1964இல் ஆப்பிரிக்க, ஆசிய நெசவுப்பறவைகளை வரிசைப்படுத்திக் காட்டியதும் இந்த வழியில்தான்: காட்டுக்குள் பூச்சி தேடும் இனங்கள் பெரும்பாலும் தனித்துக் கூடு கட்டி ஒற்றை இணையோடு வாழ்கின்றன, வெட்டவெளியில் விதை பொறுக்கும் இனங்கள் குடியிருப்பாகக் கூடிப் பல இணைகளைத் தேடுகின்றன. பறவையின் குடும்பத்தை உணவும் வெளியும் வகுக்கின்றன. ஒழுக்கத்துக்கு அதில் வேலை இல்லை.

இடம்தான் முதலில் பார்க்கப்படுகிறது என்றால், இடத்தை அழிப்பதும் கூட்டை அழிப்பதும் ஒன்றுதான். இதற்கு வடக்கே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இமயமலை அடிவாரத் தராய்ப் புல்வெளிகளில் வாழும் ஃபின் தூக்கணாங்குருவியை காலாதுங்கியில் கிடைத்த மாதிரியிலிருந்து பறவையியலாளர் ஆலன் ஹ்யூம் 1869இல் விவரித்தார். உயரமான புல்லும் அதனிடையே தனித்து நிற்கும் பெருமரமும் அதற்குப் பெரும்பாலும் சேர்ந்தே வேண்டும். புல்வெளி வயலாகவும் ஆலையாகவும் மாறியது. 2021இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலில் ஏறியது. பக்கத்துக் கரும்புக் கொல்லையில் நார் தாராளமாகக் கிடைத்தாலும், கூடு கட்ட மரம் இல்லையென்றால் பயனில்லை. நம் ஊர்த் தூக்கணாங்குருவி இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. மின்கம்பியிலும் தொலைபேசிக் கம்பியிலும்கூடக் கட்டிப் பார்க்கிறது. பர்மாவில் கூரை வீடுகளின் இறவாரத்திலேயே தொங்கவிட்டதை முற்காலத்தவர் பதிவு செய்திருக்கிறார்கள். வளைந்து கொடுக்கும் பறவைதான். ஆனால் குறுந்தொகை இந்தப் பறவையின் கூட்டைச் சொல்லும்போது பனையில்தான் தொங்கவிடுகிறது. பனை இன்றும் அதற்கு நல்ல இடம். தமிழ்நாட்டில் 2021 முதல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது. வரப்பில் நிற்கும் பனை வெட்டப்படுவதைப் பார்த்தால் அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். வாசலில் அலங்காரமாகத் தொங்கவிடக் குருவிக் கூடு விற்க வந்தால் வாங்காதீர்கள், காலிக் கூடு என்று சொன்னாலும்கூட. சேவலும் பெட்டையும் விட்டுப்போன கூடுகளில் வெண்தொண்டைச் சில்லைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.